எங்கள் பீர், ஏழுமலையின் வழக்கு

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஒரகடம் போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி இங்கே நியூசிலாந்தில் இருக்கும் தமிழ் நண்பர்கள் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. இப்போதும் அது தணியவில்லை. ஆனால் அங்கே நடந்ததைச் சம்பந்தப்பட்ட வேறு யாரும் வாய் திறந்து சொல்லப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டியில் பிறந்தவள். கிறைஸ்ட்சர்ச்சில், பால் பதப்படுத்தும் இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்தில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். எங்களுக்கு வால்வுகள் செய்து அனுப்பும் ஆலை ஒன்று ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் இருக்கிறது. வந்த வால்வுகளில் பாதி ஒழுகின. போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள்.

பீர் காய்ச்சுவது என் பொழுதுபோக்கு. கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா, ஒரு பழைய ஃப்ரிட்ஜ், நாலைந்து பிளாஸ்டிக் டிரம். இவ்வளவுதான் என் பட்டறை. கிறைஸ்ட்சர்ச்சில் இது தோட்டம் போடுவதைப் போல ஒரு காரியம். வீட்டுக் குடிப்புக்குக் காய்ச்சினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கள் பீர் காய்ச்சும் குழுவில் ஒரு போலீஸ்காரர்கூட உண்டு. அவர் கொண்டுவரும் கறுப்பு பீருக்குத்தான் முதலில் கோப்பைகள் நீளும்.

முதல் நாளே போக்குவரத்தில் மாட்டிக்கொண்டேன். கார்களை அடுக்கி ஏற்றிய நீண்ட டிரெய்லர் ஒன்று ஒரகடம் சந்திப்பில் திரும்பத் தெரியாமல் திரும்பி, நடுத்தடுப்பில் ஏறி நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் கம்பெனி பஸ்கள் வரிசையாக. வேலை முடிந்தவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிராவல்ஸிலிருந்து எனக்கு அமர்த்திய காரை ஓட்டியவர் ஏழுமலை. மண்ணூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும்.

"இன்னா மேடம் பண்றது. ஷிப்ட் வுட்ற டைம். இந்த நேரத்துல கடவுளே வந்தாலும் யூ டர்ன் தான்" என்றார்.

ஆலையின் கேண்டீனில் சாம்பார் நன்றாக இருந்தது. ஆனால் அதிகாரிகளுக்கு ஒரு கூடம், உற்பத்தி லைனில் நிற்பவர்களுக்கு ஒரு கூடம், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வெளியே தகரக் கொட்டகை. சாம்பார் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. ஓட்டலிலோ காலையில் ஆறிப்போன ரொட்டியும் ஜாமும் வைத்தார்கள். மறுநாள் ஏழுமலையிடம் சொல்லி, கொரிய எழுத்துப் பலகைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் கடைக்குப் போய்த் தோசை சாப்பிட்டேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். நான் கூப்பிட்ட பிறகுதான் எதிரில் வந்து உட்கார்ந்தார். மனைவி சாந்தி செல்போன் பாகம் செய்யும் ஆலையில் வேலை செய்வதாகவும், இருவருக்கும் ஷிப்ட் ஒத்துவராததால் மகளைச் சாந்தியின் தங்கை வீட்டில் விடுவதாகவும் சொன்னார்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. 'இப்போது என்ன காய்ச்சுகிறீர்கள்' என்று யாராவது கேட்பார்கள். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் தங்கள் அண்டாக்களையும் குழாய்களையும் படம் எடுத்துப் போடுவார்கள். அதில் ஒரகடம் பக்கமிருந்து ஒருவர் படம் போடுவதை முன்பே கவனித்திருந்தேன். இப்போது ஒரகடம் வந்திருப்பதாக அவருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நாங்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து காய்ச்சுகிறோம் என்று.

அவர் பெயரை இங்கே வித்யாசாகர் என்று வைத்துக்கொள்கிறேன். கார் உதிரிபாக ஆலை ஒன்றின் தலைமை அதிகாரி. அமெரிக்காவில் பல வருடம் இருந்து திரும்பியவர். ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, வாசலில் மூன்று காவலாளிகள் நிற்கும் வளாகத்தில் தனி வீடு. ஏழுமலையை வாசலிலேயே நிறுத்தி, வண்டியை வெளியே போடச் சொன்னார்கள். அவர் வெயிலில் போய் நின்றார்.

உள்ளே போனதும் நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்பது உண்மை. பின்கட்டில் அவர் வைத்திருந்ததைப் பார்த்தால் சின்ன மதுபான ஆலை என்றே சொல்லலாம். மின்சாரத்தில் சூடாகும் மூன்று பாத்திரங்கள், அடிப்பாகம் கூம்பாகக் குவிந்த பளபளப்பான நொதிகலன், கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜ், சுவரில் பீர் பிடிக்கும் குழாய்கள். எல்லாம் கப்பலில் வந்தவை.

யோஹன் என்ற ஜெர்மன் பொறியாளர் வந்திருந்தார். அவருடைய ஊரில் கோதுமை பீர்தான் பீர், மற்றதெல்லாம் பாவம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏசி போட்ட குளியலறையில் டிரம்மை வைத்துக் காய்ச்சுவதாகச் சொன்னார். "இரண்டு மாதமாக வாளியில்தான் குளிக்கிறேன். ஷவர் இருக்கும் இடத்தில் பீர் இருக்கிறது" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். இன்னொருவர் பிரவீண். வித்யாசாகரிடம் வேலை செய்யும் இளைஞர். கல்யாண வீட்டில் சாதம் சூடாக வைக்கும் பெரிய ஹாட்பாக்ஸில் தானியத்தை ஊறவைக்கிறார். ஃப்ரிட்ஜின் வெப்பத்தைக் கட்டுப்படுத்த, முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் பெட்டியில் இருக்கும் கருவியை வாங்கி மாட்டியிருக்கிறார். முளைகட்டிய கேழ்வரகில் பீர் முயன்று மூன்று தடவை புளித்துப்போய்விட்டதாம். படங்களைக் காட்டினார். நான்காவது தடவைக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று எல்லாரும் சேர்ந்து ஒரே காய்ச்சலாகக் காய்ச்சினோம். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டோம். அந்தச் சாற்றை மூன்றாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துப்போய் வேறு வேறு ஈஸ்ட் போட்டு, அடுத்த மாதம் ருசியை ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

சாற்றை ஆறவைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "தமிழ்நாட்டில் இது சட்டப்படி சரிதானா?"

வித்யாசாகர் சிரித்தார். "சட்டப்படின்னா இல்லை. ஆனா இந்த கேட்டைத் தாண்டி யாரு உள்ள வரப்போறா?"

கேட்டைத் தாண்டி அது வெளியே போகப்போகிறது என்பது அந்த நிமிடம் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

யோஹனும் பிரவீணும் ஒரே பைக்கில் வந்திருந்தார்கள். அவர்கள் பங்குச் சாறு நிரம்பிய டிரம்களைப் பைக்கில் கொண்டுபோக முடியாது. "உங்க டிரைவர் ஒரகடம் வழியாத்தானே போறார். அப்படியே டிராப் பண்ணிடட்டும்" என்றார் வித்யாசாகர். காவலாளி இரண்டு டிரம்களையும் தள்ளுவண்டியில் தள்ளிப்போய் டிக்கியில் ஏற்றினார். ஏழுமலையிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"மேடம், இன்னா இது?" என்றார் அவர்.

"பார்லித் தண்ணி" என்றேன்.

சரி என்று டிக்கியைச் சாத்தினார்.

ஒரகடம் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தது. டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். மூடியைத் திருகி மோந்து பார்த்த காவலர் ஏழுமலையின் சட்டைக் காலரைப் பிடித்தார். கேள்வி எதுவும் கேட்பதற்கு முன்பே பிடித்தார். நான் பின்கதவைத் திறந்து இறங்கி, அது என்னுடையது என்றேன். "நீங்க உக்காருங்க மேடம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

காவல் நிலையத்தில் டிரம்களை முற்றத்து வெயிலில் வைத்தார்கள். ஏழுமலையைச் செருப்பைக் கழற்றவைத்துச் சுவரோரம் தரையில் உட்காரவைத்தார்கள். எனக்கு நாற்காலி. மின்விசிறியை என் பக்கம் திருப்பிக்கூட வைத்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். பொறுமையாகத்தான் பேசினார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். இது ஈஸ்ட் போடாத சாறு, இதில் போதை இல்லை, குழந்தைக்குக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்றேன். யோஹனின் டிரம்மைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சத்துமாவுக் கஞ்சி மாதிரிதான் கீது. பின்னால கொஞ்சம் கசக்குது" என்றார். காவலரைப் பார்த்து, "ஏட்டய்யா, அவரை மேல உக்காரச் சொல்லுங்க" என்றார்.

ஏழுமலை எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். இன்னும் சிறிது நேரத்தில் போய்விடலாம் என்றே நானும் நினைத்தேன்.

அப்போதுதான் முற்றத்தில் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. பிரவீணின் டிரம்மின் மூடி உப்பிக்கொண்டு வந்தது. ஓரத்திலிருந்து பழுப்பு நுரை கசிந்து டிரம்மின் பக்கமெல்லாம் வழிந்தது. ஒரு காவலர் மூடியைத் தளர்த்தப் போக, அது கழன்று தெறித்தது. நுரை அவர் காக்கிச் சட்டையில் அடித்தது. புளித்த வாடை நிலையம் முழுக்கப் பரவியது.

"சார், இது சாராய ஊறல் சார்" என்றார் அவர்.

அந்த டிரம்மில் ஈஸ்ட் போட்டிருக்கிறார்கள். யார் போட்டது, எப்போது போட்டது? நான் வெளியே வந்து வித்யாசாகருக்கு போன் செய்தேன்.

"ஓ, அதுவா. பிரவீணுக்கு ஈஸ்ட் சரியா பிடிக்க மாட்டேங்குது. நானே நல்லதா ஒண்ணு போட்டு அனுப்பினேன். இந்த வெயிலுக்குப் பிரமாதமா வேலை செஞ்சிருக்குமே" என்றார். குரலில் பெருமை.

விஷயத்தைச் சொன்னேன். உடனே குரல் மாறியது.

"என் பேரை எங்கேயும் சொல்லாதீங்க. டிராவல்ஸ் வண்டிதானே. டிரைவர் பார்த்துப்பார். அவங்களுக்கெல்லாம் ஸ்டேஷன் பழக்கம்தான்."

பழக்கம் என்ற அந்தச் சொல் என் காதில் விழுந்த விதத்தை என்னால் விவரிக்க முடியாது. கையிலிருந்த போனைச் சுவரில் எறியத் தோன்றியது. எறியாமல் யோஹனுக்குப் போட்டேன். தன் விசாவுக்கு ஆபத்து, கம்பெனியிடம் கேட்டுவிட்டுத்தான் பேசமுடியும் என்றார். பிரவீணுக்குப் போட்டேன். "மேடம், அவரு என் பாஸ் மேடம். ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காலையில் முட்டைப் பெட்டிக் கருவியைக் காட்டிச் சிரித்த அதே பிள்ளை.

உள்ளே போனால் ஏழுமலை மறுபடியும் தரையில் இருந்தார்.

"என் பெயரை எழுதுங்கள். காய்ச்சியது நான். இன்னும் மூன்று பேர். வீட்டைக் காட்டுகிறேன்" என்றேன்.

"மேடம், நீங்க வெளிநாட்டு பாஸ்போர்ட். உங்க பேரைப் போட்டா எனக்கு எங்கெங்கிருந்தோ போன் வரும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "இவரு வண்டி ஓட்டியிருக்காரு. வண்டியில சரக்கு இருந்துது. கேஸுக்கு அது போதும். நீங்க கெளம்புங்க, ஆட்டோ சொல்றேன்."

நான் எழுந்திருக்கவில்லை.

சாந்தி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆலைச் சீருடையின் நீல மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார். கணவனைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அந்த மேடமா?"

"ஆமாம்."

"இவரு பீடி கூடக் குடிக்க மாட்டாரு. குடிச்சவன் வண்டியில ஏறினாலே வூட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்திப்பாரு. அவரு மேல சாராயக் கேஸா?"

"நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், என்னுடையது என்று."

"சொல்லிகினே இருங்க" என்றார் சாந்தி. குரல் உயரவில்லை. "உங்க ஊர்ல இது ஆசைக்குப் பண்றது. எங்க ஊர்ல இது கேஸு. அது உங்களுக்குத் தெரியாதா? தெரியலன்னா ஏன் அவரு டிக்கியில வச்சீங்க?"

மறுபடியும் சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததால், கடைசியில் என் வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டார்கள். கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி என்னை அன்று மாலையே விட்டார்கள். ஏழுமலையை விடவில்லை. மறுநாள் நீதிபதி முன்னால் நிறுத்திச் சிறைக்கு அனுப்பினார்கள். ஒரே வண்டி, ஒரே டிக்கி, ஒரே டிரம். காய்ச்சிய நான் ஓட்டலில் ஏசி அறையில் படுத்திருந்தேன். ஓட்டியவர் சிறையில் படுத்திருந்தார்.

நான் வற்புறுத்தியதால் அந்த வளாகத்துக்குப் போலீஸ் போனது. அனுமதி வரும்வரை வாசலில் காக்கவைக்கப்பட்டது. உள்ளே போனபோது பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரம் மட்டும் இருந்ததாம். வழக்கில் என் பெயர் வந்தது, ஏழுமலை பெயர் வந்தது. வித்யாசாகர், யோஹன், பிரவீண் மூவரும் 'மற்றும் சிலர்' ஆனார்கள். யோஹன் அந்த வாரமே ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்.

நான் நியூசிலாந்து திரும்புவதைத் தள்ளிப்போட்டேன். வக்கீல் பிடித்து ஏழுமலையை ஜாமீனில் எடுக்க அந்த வாரம் முழுக்க ஆகிவிட்டது. டிராவல்ஸ்காரர் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். வண்டி காவல் நிலைய முற்றத்தில் கிடந்தது. நான் டிராவல்ஸ்காரரிடம் போய், தவறு என்னுடையது, வித்யாசாகர் வீட்டில் ஏற்றியது என்று மற்ற டிரைவர்கள் முன்னாலேயே சொன்னேன். "தெரியும் மேடம்" என்றார். "ஆனா அவரு கம்பெனிக்குத்தான் என் வண்டி பாதி ஓடுது. நீங்க பிளேன் ஏறிப் போயிடுவீங்க. நான் இங்க பொழைக்கணும்." குறைந்தபட்சம் அவர் பொய் சொல்லவில்லை.

நீதிமன்றத்தில் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அபராதம் கட்டியதோடு என் பங்கு முடிந்தது. ஏழுமலையின் பங்கு முடியவில்லை. வண்டியில் கடத்தியதாக அவர் மேல் தனிப் பிரிவு. செய்யாததை ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றார் அவர். "ஒத்துக்கினா சீக்கிரம் முடியும்னு வக்கீல் சொல்றாரு மேடம். என் பொண்ணு பள்ளிக்கூடத்துல நாளைக்கு யாராவது கேட்டா? நான் ஒத்துக்க மாட்டேன்." சாட்சி சொல்ல வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும் இன்றுவரை வாய்தாதான். ஏழுமலை இப்போது வேறொரு ஒப்பந்தக்காரரிடம் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறார். வாய்தா நாளில் அவருக்குச் சம்பளம் இல்லை. சாந்தி என்னிடம் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வித்யாசாகர் தானே கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் நான் அந்த இணைய மன்றத்தில் எழுதியிருந்தேன். அவர் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் அங்கே போட்ட பட்டறைப் படங்களைப் பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். போனேன்.

மிகவும் மரியாதையாக வரவேற்றார். பளிங்குத் தரை போட்ட கூடம். "உணர்ச்சிவசப்பட்டு எழுதிட்டீங்க, புரியுது. எடுத்துடுங்க. என்னை நம்பி ஆலையில எத்தனை குடும்பம் இருக்கு தெரியுமா?" என்றார்.

"ஒரு தடவை என்னோடு நீதிமன்றத்துக்கு வாருங்கள். உங்கள் வீட்டில் ஏற்றினார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். எடுத்துவிடுகிறேன்" என்றேன்.

"அது முடியாதுங்க" என்றார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காக இருக்கலாம், அவருக்குள் இருந்த பீர்க்காரர் அடக்கமுடியாமல் எழுந்ததாகவும் இருக்கலாம், "ஒண்ணு காட்டறேன் வாங்க" என்று உள்ளறைக்குக் கூட்டிப்போனார். அங்கே அந்தக் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் இருந்தது. உள்ளே கூம்பு நொதிகலன். அன்று காய்ச்சிய அதே சாறு, அவருடைய பங்கு. அதைக் கொட்டிவிட்டதாக யோஹனிடம் சொல்லியிருந்தாராம்.

"எனக்கு மனசு வரலைங்க. அருமையா வந்திருக்கு. டேஸ்ட் பாருங்க" என்று ஒரு கண்ணாடிக் கோப்பையை நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன். நல்ல பீர். பொய் சொல்லமாட்டேன். நான் காய்ச்சியதில் இவ்வளவு நன்றாக எதுவும் வந்ததில்லை.

கோப்பையைக் கீழே வைத்தேன். குனிந்து, நொதிகலனின் அடியிலிருந்த வால்வை முழுதாகத் திறந்தேன். வால்வு என் தொழில். அதன் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பீர் வேகமாகக் கொட்டியது. ஃப்ரிட்ஜிலிருந்து வழிந்து, அறையைத் தாண்டி, கூடத்துப் பளிங்கில் பரவி, சோபாவுக்கு அடியில் போனது. அவர் இரண்டு கையாலும் வால்வை அடைக்கப் பார்த்தார். சட்டையெல்லாம் நனைந்தது. பிறகு நிமிர்ந்து, என்னைத் திட்டாமல், உள்பக்கம் பார்த்துக் கத்தினார்.

"செல்வி, சீக்கிரம் வா. துடை."

சமையலறையிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வாளியும் துணிகளுமாக வந்தார். ஒரு பார்வையில் கூடம் முழுவதையும் அளந்தார். அவர் முகத்தில் தெரிந்தது களைப்பு மட்டும்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தார். துணியை நனைத்துப் பிழிந்தார். நனைத்துப் பிழிந்தார். வாளியில் பொன்னிறத்தில் பீர் சேர்ந்தது.

வித்யாசாகர் சட்டை மாற்ற மாடிக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அத்தனை நாள் நெஞ்சில் இருந்த கோபத்தை ஒருவழியாகக் கொட்டித் தீர்த்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் நினைத்திருந்தேன். அதை யாருடைய முட்டியடியில் கொட்டியிருக்கிறேன் என்பது இப்போது தெரிந்தது.

செல்வி துடைத்துக்கொண்டே என் பக்கம் நகர்ந்து வந்தார். நிமிராமல் சொன்னார்.

"கொஞ்சம் காலை எடும்மா."

செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டேன். வாளிக்கு இந்தப் பக்கம் முட்டிபோட்டு, இன்னொரு துணியை எடுத்தேன்.